கை வைக்காமலே அலறும் ஹாரன்

கார் கேள்வி-பதில் பகுதிக்கு வந்தவற்றில், ஹாரன் தானாக அடிப்பது பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். முதல் கேள்விக்கான பதில் நீளமானது. மற்ற பதில்கள் அதைச் சார்ந்தே வருவதால் அதை முதலில் படித்துவிடுங்கள்.

கேள்வி: மதிய வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் ஹாரன் தானாக அடிக்கிறது. ஸ்டீரிங் நடுவில் ஒரு குத்து விட்டால் நிற்கிறது. மாலையில் தொல்லையே இல்லை. எட்டு வருடப் பழைய கார். 'கிளாக் ஸ்பிரிங் போய்விட்டது, மாற்றிவிடலாம்' என்கிறார் எலக்ட்ரீஷியன். மாற்றலாமா?
வாசகர், விருதுநகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கிளாக் ஸ்பிரிங் (சுற்றும் ஸ்டீரிங்குக்குள் கரண்ட்டைக் கொண்டுபோகும் நாடா ஒயர்) கெட்டால் பெரும்பாலும் ஹாரன் ஊமையாகும், கத்தாது. கூடவே ஏர்பேக் விளக்கும் எரியும். உங்கள் கடிதத்தில் அந்த விளக்கைப் பற்றிப் பேச்சே இல்லை. வெயிலில் வருகிறது, குத்தினால் போகிறது, மாலையில் இல்லை: இந்த மூன்றும் ஸ்டீரிங் நடுவிலிருக்கும் ஹாரன் பேடைத்தான் காட்டுகின்றன.

ஒயரிங் எப்படிப் போகிறது என்று தெரிந்தால் மீதி எளிது. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ஃப்யூஸிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து ஹாரன். ரிலே என்பது கரண்ட்டால் இயங்கும் ஒரு சுவிட்ச். அதற்குள் ஒரு சின்ன காயில். காயிலின் ஒரு முனைக்கு எப்போதும் 12 வோல்ட் வந்துகொண்டிருக்கும். மறுமுனையிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் ஸ்டீரிங் வரைக்கும் போகிறது. பேடை அழுத்தும்போது நாம் செய்வதெல்லாம் அந்த ஒயரை எர்த்தில், அதாவது காரின் இரும்பு பாடியில், தொடவைப்பதுதான். தொட்டதும் காயில் இழுக்கும், பாயிண்ட் சேரும், ஹாரன் அடிக்கும்.

ஆகவே அந்த மெல்லிய ஒயர் பானெட்டுக்கும் ஸ்டீரிங்குக்கும் நடுவில் எந்த இடத்தில் தோலுரிந்து பாடியைத் தொட்டாலும், யாரோ பேடை அழுத்திக்கொண்டிருப்பதாகவே ரிலே எடுத்துக்கொள்ளும். ஹெட்லைட்டுக்குப் போகும் ஒயர் பாடியில் பட்டால் ஃப்யூஸ் போய் விளக்கு அணையும். இங்கே ஃப்யூஸும் போகாது. குறுக்கே காயில் இருப்பதால் அந்த ஒயரில் ஓடுவது 0.15 ஆம்பியர் அளவுக்குத்தான். ரிலேயிலிருந்து ஹாரனுக்குப் போகும் தடித்த ஒயர் பாடியில் பட்டால் கதை வேறு: அப்போது ஃப்யூஸ் போகும், ஹாரன் ஊமையாகும். பெரும்பாலான கார்களில் ஹாரனுக்கு இக்னிஷன் தேவையில்லை என்பதால், சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போன பிறகும் அது கத்தும்.

இனி பேடுக்கு வருவோம். ஏர்பேக் உள்ள கார்களில் இது இரண்டு வகை. ஒன்றில் ஏர்பேக் பெட்டி முழுவதுமே சின்ன ஸ்பிரிங்குகளின் மேல் மிதந்துகொண்டிருக்கும். அழுத்தினால் அதன் அடித்தகடு ஸ்டீரிங்கின் இரும்பில் உள்ள பாயிண்டைத் தொடும். இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர்தான். இன்னொன்றில், பேடின் மூடிக்குப் பின்னால் இரண்டு மெல்லிய உலோகப் பட்டைகள் நடுவே பொட்டுப் பொட்டான தடுப்புகளோடு ஒட்டப்பட்டிருக்கும். வெயிலில் பிளாஸ்டிக் விரிந்து தளர்கிறது, வருடக்கணக்கில் ஸ்பிரிங்கும் சோர்கிறது, பட்டைகளுக்கு நடுவிலுள்ள பசை இளகுகிறது. இடைவெளி மூடிக்கொள்கிறது. மலைப்பகுதிகளில் இதுவே தலைகீழாக, அதிகாலைக் குளிரில் பிளாஸ்டிக் சுருங்குவதால் வரும்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஸ்டீரிங் கவரைப் பாருங்கள். கடையில் வாங்கி மாட்டிய தடித்த கவரோ, ஊசியால் தைத்துப் போட்ட லெதரோ பேடின் ஓரத்தை நெருக்கிக்கொண்டிருந்தால் அதை எடுத்துவிட்டு இரண்டு நாள் வெயிலில் நிறுத்திப் பாருங்கள். பேடைச் சுற்றியுள்ள இடுக்கும் முக்கியம். தூசி, குளிர்பானம் சிந்திய பிசுக்கு, ஆயுத பூஜைக்கு வைத்துக் காய்ந்துபோன சந்தனம் எது அங்கே இறுகியிருந்தாலும் அழுத்திய பேட் முழுதாக மேலே வராது. ஈரத்துணியைப் பிழிந்துவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷோடு துடைத்தால் போதும். தண்ணீர் ஊற்றக் கூடாது.

அதற்கும் கேட்காவிட்டால் மல்டிமீட்டர் சோதனை. ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் செய்தால்தான் பலன். மாலையில் கொண்டுபோய்க் கொடுத்தால் எந்த எலக்ட்ரீஷியனுக்கும் எல்லாம் சரியாகத்தான் தெரியும், பிறகு ஊகத்தில்தான் பாகம் மாற்றுவார். பானெட்டைத் திறந்து ஃப்யூஸ் பாக்ஸ் மூடியின் உட்புறப் படத்தில் ஹாரன் ரிலே எது என்று பார்த்துப் பிடுங்குங்கள். பிடுங்கியும் ஹாரன் அடித்தால், ஹாரனுக்கு வேறு வழியில் கரண்ட் வருகிறது. யாரோ பின்னால் செய்த ஒயரிங்கைத் தேடுங்கள். பிடுங்கியதும் நின்றால், கையிலுள்ள ரிலேயை முதலில் சோதியுங்கள். 30, 87 என்று எழுதியுள்ள கால்களுக்கு நடுவே மீட்டர் தொடர்பு காட்டக் கூடாது. காட்டினால் உள்ளே பாயிண்ட் ஒட்டிப்போயிருக்கிறது. குற்றவாளி கிடைத்துவிட்டது. சில ஜப்பானிய வகை ரிலேக்களில் எண்கள் வேறு: 3, 5 பாயிண்ட், 1, 2 காயில்.

ரிலே நல்லதாக இருந்தால் அது உட்கார்ந்த சாக்கெட்டுக்குப் போங்கள். நான்கு துளைகளில் இரண்டில் 12 வோல்ட் இருக்கும். மீதி இரண்டில் ஒன்று ஹாரனுக்கும் மற்றது ஸ்டீரிங்குக்கும் போகிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஹாரனுக்குப் போகும் துளையை ஓம் வைத்து அளந்தால், ஹாரனின் சுருள் வழியாக ஓரிரு ஓம் காட்டும். அதைப் பார்த்து 'ஷார்ட் கிடைத்துவிட்டது' என்று ஒயரிங்கைப் பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதனால் முதலில் இரண்டு ஹாரன்களின் கப்ளரையும் (ஒயரைச் சொருகும் இணைப்பு) கழற்றிவிடுங்கள். இப்போது ஸ்டீரிங்குக்குப் போகும் துளைக்கும் பாடிக்கும் நடுவே ஓம் அளவு பாருங்கள். பேடைத் தொடாதபோது தொடர்பே காட்டக் கூடாது, அழுத்தினால் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். தொடாமலே பூஜ்யம் காட்டுகிறதா? பேட்டரி நெகட்டிவைக் கழற்றி 10 நிமிடம் விட்டு, ஸ்டீரிங் காலத்தின் (ஸ்டீரிங்கைத் தாங்கி நிற்கும் தண்டுப் பகுதி) கீழ் மூடியைத் திறந்து, கிளாக் ஸ்பிரிங்குக்குப் போகும் ஹாரன் கப்ளரைப் பிரியுங்கள். அளவு மறைந்துவிட்டால் பழுது மேலே, அதாவது பேட் அல்லது கிளாக் ஸ்பிரிங்கில். மறையாவிட்டால் பழுது கீழே, ஒயரிங்கில்.

உங்கள் காரில் அது மேலேதான் இருக்கும் என்பது எங்கள் கணிப்பு. அந்த வேலையை ஏர்பேக் கழற்றத் தெரிந்தவரிடம் விடுங்கள். மஞ்சள் கப்ளர் ஏர்பேக்குக்கு உரியது, அதில் மல்டிமீட்டர் முள்ளையோ டெஸ்ட் லாம்பையோ வைக்கவே கூடாது. சோதனைக்குப் போகும் சின்ன கரண்ட்டே அதை வெடிக்கவைத்துவிடலாம். மிதக்கும் வகை என்றால் பாயிண்டுகளைச் சுத்தம் செய்து, ஸ்பிரிங்குகள் தம் குழியில் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பதோடு வேலை முடியலாம். பட்டை வகை என்றால் பட்டையை மாற்ற வேண்டும். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்துத் தூக்குவது, அட்டை சொருகுவது போன்ற கைவைத்தியங்களை ஏற்காதீர்கள். அது ஏர்பேக் உட்காரும் இடம்.

கேள்வி: நள்ளிரவில் அப்பார்ட்மெண்ட் பார்க்கிங்கில் இடைவிடாமல் அடித்தது. சாவி போட்டும் நிற்கவில்லை. கடைசியில் ஒருவர் ஹாரன் ஒயரை வெட்டித்தான் நிறுத்தினார். வேறு வழி என்ன?
வாசகர், சென்னை

பதில்: ஒயரை வெட்டத் தேவையே இல்லை. முதலில் பேடின் நான்கு ஓரங்களையும் அழுத்தி அழுத்தி விடுங்கள், ஸ்டீரிங்கை இரு பக்கமும் கொஞ்சம் அசையுங்கள். பலருக்கு அங்கேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் பானெட். ஹாரன் முன் கிரில்லுக்குப் பின்னால்தான் இருக்கிறது, காதைத் துணியால் மூடிக்கொண்டு குனியுங்கள். ஃப்யூஸை விட ரிலேயைப் பிடுங்குவது மேல். சில கார்களில் ஹாரனுக்கும் பிரேக் லைட்டுக்கும் ஒரே ஃப்யூஸ். அதைப் பிடுங்கிவிட்டு மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனால் பின்னால் வருபவருக்கு நீங்கள் பிரேக் அடிப்பது தெரியாது.

எந்த ரிலே என்று இருட்டில் பிடிபடவில்லையா, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் ஸ்பேனர்தான். பாசிட்டிவைத் தொடாதீர்கள். அதில் மாட்டிய ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். தனியாக பேட்டரி வைத்த அலாரம் சைரன் உள்ள காராக இருந்தால், மெயின் பேட்டரியைக் கழற்றியதும் அந்த சைரன் கத்தத் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெட்டிய ஒயரை ரீ-ஜாயிண்ட் செய்யும்போது முறுக்கி டேப் சுற்றினால் போதாது. பம்பருக்குப் பின்னால் மழைத்தண்ணீர் நேரே அடிக்கும் இடம் அது. கிரிம்ப் செய்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். ஹாரனையும் சோதியுங்கள். இரண்டு ஹாரன் சேர்ந்து 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி சில மணி நேரத்தில் படுத்துவிடும். ஹாரனோ விட்டுவிட்டு அடிப்பதற்காகச் செய்தது. அரைமணி நேரம் தொடர்ந்து அடித்தால் அதற்குள்ளிருக்கும் பாயிண்ட் கருகி, பிறகு கரகரவென்றுதான் பேசும்.

கேள்வி: ரோட்டில் போகும்போது இப்படி ஆனால் போலீஸ் அபராதம் போட முடியுமா?
வாசகர், சேலம்

பதில்: தேவையில்லாமலோ தொடர்ந்தோ ஹாரன் அடிப்பதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 194எஃப் பிரிவின்படி முதல் தடவை 1,000 ரூபாய், மறுபடி என்றால் 2,000 ரூபாய். 2019 திருத்தத்தில் வந்தது. ஓரம் கட்டி பானெட்டைத் திறந்துவைத்திருப்பவரிடம் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஆனால் ரிலேயைப் பிடுங்கிவிட்டு மாதக்கணக்கில் ஓட்டுவதும் தவறு. வண்டியில் வேலை செய்யும் ஹாரன் இருக்க வேண்டும் என்பது 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆம் விதி.

கேள்வி: இடது பக்கம் முழுதாகத் திருப்பும்போது மட்டும் 'பீப்' என்று வெட்டி வெட்டி அடிக்கிறது. ஸ்டீரிங் ராக் மாற்றிய பிறகுதான் தொடங்கியது. ஏர்பேக் விளக்கும் எரிகிறது.
வாசகர், ஓசூர்

பதில்: இதுதான் கிளாக் ஸ்பிரிங். ஸ்டீரிங் சுற்றும், அதைத் தாங்கும் ஸ்டீரிங் காலம் சுற்றாது. இரண்டுக்கும் நடுவே கரண்ட் போக, ஒரு வட்டப் பெட்டிக்குள் நாடா போன்ற தட்டையான ஒயர் கடிகாரச் சுருளைப் போலச் சுற்றிவைக்கப்பட்டிருக்கிறது. நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் இரண்டரைச் சுற்று அளவுக்கு இடம் கொடுக்கும். ராக் வேலையின்போது ஸ்டீரிங்கைப் பூட்டாமல் விட்டு, அது இஷ்டத்துக்குச் சுழன்றுவிட்டாலோ, ஒரு சுற்று தள்ளி மாட்டிவிட்டாலோ நடு தவறிவிடும். பிறகு ஒரு பக்கம் முழுதாகத் திருப்பும்போது நாடா இழுபட்டுக் கிழிகிறது. கிழிந்த இடத்தில் ஹாரன் பட்டை எர்த்தில் உரசினால் பீப். ஏர்பேக் பட்டை அறுந்தால் விளக்கு.

விளக்கு எரியும்வரை, மோதினால் ஏர்பேக் விரியும் என்று நம்ப முடியாது. தள்ளிப்போடாதீர்கள். மாற்றும்போது கவனிக்க வேண்டியவை: முன் சக்கரங்கள் நேராக நிற்க வேண்டும். பேட்டரி நெகட்டிவ் கழற்றிக் காத்திருந்த பிறகே ஏர்பேக்கில் கை. கழற்றிய ஏர்பேக்கை மூடி மேலே பார்த்தபடி வைக்க வேண்டும், கவிழ்த்து அல்ல. ஸ்டீரிங் நட்டை முழுதாக எடுத்துவிட்டு இழுத்தால் ஸ்டீரிங் முகத்தில் வந்து மோதும், அதனால் இரண்டு மரை பிடியில் விட்டுவைத்து இழுப்பார்கள். புதிய கிளாக் ஸ்பிரிங் நடுவில் நிறுத்தி, ஒரு பின்னோ ஸ்டிக்கரோ போட்டுப் பூட்டியே வரும். பெட்டியைத் திறந்ததும் அதை எடுத்துவிட்டுச் சுற்றிப் பார்க்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. மாட்டிய பிறகுதான் எடுக்க வேண்டும். பழைய காரிலிருந்து எடுத்தது விலை குறைவு என்பார்கள், வாங்காதீர்கள். ஸ்டீரிங் ஆங்கிள் சென்சார் சேர்ந்தே வரும் மாடலாக இருந்தால் ஸ்கேனர் வைத்து அதைப் பூஜ்யம் செய்தால்தான் வேலை முடியும். ராக் மாற்றிய இடத்தில் இது அவர்கள் செய்த தவறா என்று பேசிப்பார்க்கவும் உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

கேள்வி: கம்பெனி ஹாரன் சத்தம் போதவில்லை என்று நத்தை வடிவ விண்ட்டோன் ஹாரன் ஜோடி போட்டேன். சில நாளில், ஒரு தடவை அழுத்தினால் கையை எடுத்தாலும் நிற்பதில்லை. ரிலேயைப் பிடுங்கிப் போட வேண்டியிருக்கிறது. கம்ப்ரஸர் வைத்த ஏர் ஹாரன் போடலாமா?
வாசகர், நாமக்கல்

பதில்: இரண்டு காரணங்கள் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வினாடி போதும். ஹாரன் கத்தும்போது அதன் ஃப்யூஸைப் பிடுங்கி, உடனே திரும்பப் போடுங்கள். போட்டதுமே மறுபடி கத்தினால் ரிலே பாயிண்ட் ஒட்டிப்போயிருக்கிறது. அமைதியாக இருந்து, அடுத்த தடவை பேடை அழுத்திய பிறகுதான் மறுபடி சிக்கினால், ஒயரிங் தவறு.

பாயிண்ட் ஒட்டுவது ஏன் என்பது தெளிவு. கம்பெனியில் வந்தது ஒற்றைத் தட்டு ஹாரன் என்றால் 3, 4 ஆம்பியர். நீங்கள் போட்ட ஜோடி அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு இழுக்கும். ஒவ்வொரு தடவை கையை எடுக்கும்போதும் பாயிண்டில் பொறி பறந்து, குழி விழுந்து, ஒருநாள் வெல்டிங் ஆகிவிடும். கத்தும்போது ரிலேயின் தலையில் ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் விட்டுவிடும். அதுவே போதுமான சாட்சி. பாயிண்டை ராவி மறுபடி போடுவது வீண் வேலை, புது ரிலே போடுங்கள். கையோடு ஃப்யூஸையும் பாருங்கள். ஹாரன் மாற்றும்போது ஃப்யூஸ் போய், யாராவது 30 ஆம்பியர் சொருகியிருந்தால் மூடியில் போட்டிருக்கும் அளவுக்கே திரும்புங்கள். ஒயர் அந்த அளவைத்தான் தாங்கும்.

ஒயரிங் தவறு இன்னும் சுவாரசியமானது. புது ஹாரனுக்குத் தனி ரிலே போட்டிருப்பார்கள். பழைய ஹாரனின் ஒயரை அந்த ரிலேயின் காயிலுக்குக் கொடுத்திருப்பார்கள். அதுவரை சரி. பிறகு, 'பழைய ஹாரனும் கூடவே அடிக்கட்டுமே' என்று அதையும் புதிய ஹாரன்களையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கிவிடுவார்கள். இப்போது ரிலே ஒரு தடவை இழுத்ததும், 87ஆம் காலிலிருந்து வரும் 12 வோல்ட் அந்த முறுக்கு வழியாகத் திரும்பித் தன் காயிலுக்கே வந்துவிடுகிறது. ரிலே தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது. கரண்ட்டை நிறுத்தினாலொழிய விடாது. ரிலே மேல் ரிலேயாக மாற்றினாலும் இது போகாது.

சரியான ஒயரிங் இப்படி: பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் ஃப்யூஸ். அங்கிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் 30 அல்லது 40 ஆம்பியர் ரிலேயின் 30ஆம் காலுக்கு. 87ஆம் கால் புதிய ஹாரன்களுக்கு மட்டும். கம்பெனி ஹாரன் கப்ளரின் இரண்டு ஒயர்களும் காயிலின் 85, 86 கால்களுக்கு மட்டும், வேறெதற்கும் போகக் கூடாது. கம்பெனி ஹாரனுக்கு ஒற்றை ஒயர்தான் வருகிறது என்றால் அது 86க்கு, 85 பாடி எர்த்துக்கு. பழைய ஹாரனும் அடிக்கத்தான் வேண்டும் என்றால் அதை 87க்கு மாற்றி, காயிலுக்கு வரும் ஒயரிலிருந்து முழுதாகப் பிரித்துவிடுங்கள். எர்த் எடுக்கும் போல்ட்டின் அடியில் பெயிண்ட்டைச் சுரண்டி இரும்பைப் பார்த்த பிறகே முறுக்குங்கள். நத்தையின் வாய் கீழே பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் முதல் மழையிலேயே தண்ணீர் குடிக்கும்.

கம்ப்ரஸர் வைத்த ஏர் ஹாரன் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மாறி மாறிப் பல ஸ்வரத்தில் பாடுவதும், காதைப் பிளப்பதும் அதே 119ஆம் விதியில் தடைசெய்யப்பட்டவை. ஒயரிங் சொல்லித்தர மாட்டோம்.

கேள்வி: வாட்டர் வாஷ் செய்த அன்றும், பெருமழை பெய்த அன்றும் மட்டும் ஹாரன் தானாக முனகுகிறது.
வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்கள் கார் எந்த வகை என்பதைப் பொறுத்தது. பேடின் ஒயர் நேரே ரிலேக்குப் போகும் கார் என்றால், ரிலேயின் காயில் 80 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அது இழுக்க 7, 8 வோல்ட்டாவது வேண்டும். அப்படியானால் கசிவு சுமார் 50 ஓம்முக்கும் கீழே இருக்க வேண்டும். வெறும் மழைத்தண்ணீர் அவ்வளவு கரண்ட் கடத்தாது. எனவே எங்கோ ஒயரின் தோல் ஏற்கெனவே உரிந்திருக்கிறது, அல்லது ஃப்யூஸ் பாக்ஸின் அடியில் செம்பு பச்சைக் களிம்பு பூத்துக் கால்களுக்கு நடுவே பாலம் போட்டிருக்கிறது. ஈரம் வெளிக்காட்டுகிறது, அவ்வளவுதான். பேடின் சமிக்ஞை பாடி கண்ட்ரோல் மாட்யூலுக்கு (ஹாரன், விளக்கு போன்றவற்றை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி) போகும் புதிய கார்களில் அப்படியில்லை. அங்கே சில மில்லி ஆம்பியர் கசிவே போதும், ஈரமான கப்ளரே ஹாரனை அடிக்கவைக்கும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு ஃப்யூஸ் பாக்ஸை அதன் கிளிப்பிலிருந்து தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே பளபளப்பாக இருக்கும், நோய் கீழேதான். காண்டாக்ட் கிளீனர் அடித்து, சூடில்லாத காற்றில் உலர்த்துங்கள். களிம்பு தின்றுவிட்ட டெர்மினலைச் சுரண்டாமல் வெட்டிப் புதிதாகப் போடுங்கள். தண்ணீர் எப்படி வந்தது என்பதையும் அடைக்க வேண்டும்: மூடியின் ரப்பர், சரியாக விழாத கிளிப், வைப்பருக்குக் கீழே இலை அடைத்த வடிகால். வேப்பமரத்தடியில் நிறுத்துபவர்கள் அந்த வடிகாலை மாதம் ஒரு தடவை பாருங்கள். வாஷ் செய்பவரிடம் பானெட்டுக்குள் பிரஷர் கன் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வெள்ளத்தில் நின்ற கார்களில் இந்தக் களிம்பு உடனே தெரியாது, மாதங்கள் கழித்துத்தான் தலைகாட்டும். பழைய கார் வாங்கும்போது ஃப்யூஸ் பாக்ஸின் அடியைப் பார்க்கச் சொல்வது இதற்காகவும்தான்.

கேள்வி: இரவில் விட்டு விட்டு அடிக்கிறது, இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுகிறது. அரை நிமிடத்தில் தானே நிற்கிறது.
வாசகர், மதுரை

பதில்: இது ஹாரன் பழுதல்ல, திருட்டு அலாரம். ரிமோட்டில் அன்லாக் அழுத்தினால் நிற்கும். பானெட் பூட்டிலுள்ள சுவிட்சில் துரு, கதவு சுவிட்சில் அழுக்கு, வயதான பேட்டரி, கடையில் போட்ட அலாரத்தில் அதிர்வு சென்சார் அளவுக்கு மீறித் திருகியிருப்பது என்ற வரிசையில் பாருங்கள். சென்சாரில் சின்னத் திருகு இருக்கும், கால் சுற்று குறைத்தால் பூனை குதித்தாலும் கத்தாது.

கேள்வி: எலி கடித்ததால்தான் ஹாரன் அடிக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதல் பதிலில் சொன்ன சோதனையில் ஸ்டீரிங் கப்ளரைப் பிரித்த பிறகும் பூஜ்யம் காட்டினால் எலியைச் சந்தேகிக்கலாம். ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து டாஷ்போர்டுக்குள் ஒயரிங் நுழையும் ரப்பர் வளையம் வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே போங்கள். பானெட்டின் பஞ்சுத் தட்டியில் பிய்த்த குழி, பேட்டரித் தட்டில் புழுக்கை இருந்தால் சந்தேகமில்லை. கடித்த இடத்தில் அநேகமாக ஒரு ஒயர் மட்டும் இருக்காது. பக்கத்து ஒயர்களையும் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல ஒயர்களை ஒட்ட வேண்டிவந்தால் ஜாயிண்டுகள் ஒரே இடத்தில் குவியாமல் முன்பின்னாக வர வேண்டும். புகையிலை கட்டித் தொங்கவிடுவது இன்ஜின் சூட்டில் வாசம் போகும்வரைதான். கொத்துமல்லிக்கட்டு, கருவாடு என்று டிக்கியில் மறந்துவிடுவதை நிறுத்தினால் அதைவிடப் பலன்.

கேள்வி: வாரண்டியில் உள்ள புதிய கார். ஹாரன் ரிலேயே ஃப்யூஸ் பாக்ஸில் காணோம்.
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சில மாடல்களில் ரிலே ஃப்யூஸ் பாக்ஸின் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், பிடுங்க முடியாது. நீங்கள் எதையும் கழற்ற வேண்டாம், வாரண்டி சண்டையாகிவிடும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டி, லைவ் டேட்டாவில் ஹாரன் சுவிட்ச் நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். யாரும் தொடாதபோது 'ஆன்' என்று காட்டினால் பழுது ஸ்டீரிங் பக்கம். 'ஆஃப்' என்று காட்டியும் அடித்தால் ரிலே அல்லது மாட்யூல். பழுது வரும் நேரத்தை செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டு வரும் பழுதுக்கு அதைவிட நல்ல ஜாப் கார்டு கிடையாது.

கேள்வி: அம்பாசிடர் வைத்திருக்கிறேன். ஏர்பேக்கும் இல்லை, கிளாக் ஸ்பிரிங்கும் இல்லை. அதிலும் தானாக அடிக்கிறதே?
வாசகர், காரைக்குடி

பதில்: ஏர்பேக் இல்லாத பழைய வண்டிகளில் நாடாவுக்குப் பதில், ஒரு பித்தளை வளையமும் அதன் மேல் உரசிக்கொண்டு நிற்கும் ஸ்பிரிங் முனையும்தான். பட்டனுக்கு அடியிலுள்ள ஃபைபர் வாஷரோ புஷ்ஷோ தேய்ந்து உதிர்ந்தால் பட்டன் ஒருக்களித்து எர்த்தில் சாய்ந்துவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் பட்டனைத் திறவுங்கள். வளையத்தில் சேர்ந்த கறுப்புத் தூளைத் துணியால் துடைத்து, வாஸ்லைனை விரல் நுனியில் எடுத்து மெலிதாகப் பூசுங்கள். கிரீஸ் வேண்டாம், தூசியைச் சேர்த்துக்கொண்டு அதுவே பாலம் போடும். வாஷர் கடையில் கிடைக்காவிட்டால் அதே தடிமனில் ஃபைபர் தகடு வாங்கி வெட்டிக்கொள்ளலாம். பழையதைத் தூக்கி எறியாமல் அளவுக்குக் கொண்டுபோங்கள்.